சாஞ்சா ஃபோரு, நிமிந்தா விக்கெட்டு

டிவி இல்லாத கடையாத் தேடி வந்தீங்களா? நல்லாருக்கு தம்பி. இன்னைக்கு ஃபைனலு, தெருவுல ஈ காக்கா இல்ல. நானே ஷட்டரப் பாதி எறக்கிட்டேன். பரவால்ல, உக்காருங்க, தலைய நல்லா சாச்சுக்கங்க. என்னது, கிரிக்கெட்டே புடிக்காதா? இந்த வயசுலயா? சரி சரி, மொறைக்காதீங்க, கத்தி என் கையில இருக்கு.

உங்க போன் அடிக்குது. அப்பாவா? எடுக்கலையா? ஓ, பேசுறதே இல்லையா. சரி, அது உங்க குடும்ப விசயம், நான் கேக்கல.

வலது பக்கம் முடிஞ்சிருச்சு. மொகத்த அப்படித் திருப்புங்க. இடது பக்கம் இன்னொரு தடவ சோப்பு போட்டுக்கறேன், இந்தத் தாடைக்கு அடியில கொஞ்சம்...

இருங்க.

ஒண்ணுமில்ல, வெட்டல, வெட்டல. வெரல் சட்டுனு நின்னுருச்சு. வயசாச்சுல்ல. கத்திய ஒரு நிமிசம் வச்சிர்றேன், முடி கொஞ்சம் ஊறட்டும்.

டிவி முன்னாடி இருந்துச்சு தம்பி. அந்த மூலையில ரெண்டு ஆணி தெரியுது பாருங்க, அங்கதான். கழட்டி இருபத்தஞ்சு வருசமாச்சு. ஏன்னா... கிரிக்கெட் கதைதான், உங்களுக்குப் புடிக்காது. இருந்தாலும் கேளுங்க.

அன்னைக்கும் இதே மாதிரி ஒருநாள் போட்டி ஃபைனலு. கடைக்குள்ள இருபது பேரு. முடிவெட்ட வந்தவன் ஒருத்தனும் இல்ல, எல்லாம் ஓசி டிவி. பக்கத்துக் கடை தையக்காரர், செமி ஃபைனல்ல ஜெயிச்சப்ப போட்டிருந்த சட்டையத் தொவைக்காமயே போட்டுட்டு வந்திருந்தாரு. பக்கத்துல நிக்க முடியல, ஆனா மாத்துங்கன்னு சொல்ல எவனுக்கும் தைரியம் வரல. எரநூத்தி அம்பத்தெட்டு அடிக்கணும். முப்பத்தாறு ஓவர்ல நூத்தி எழுபத்தொண்ணு, ஏழு விக்கெட்டு காலி. பாதிப் பேரு எந்திரிச்சுப் போலாமான்னு பாக்குறான்.

அப்பத்தான் ஒருத்தர் வந்தாரு. நம்ம வாடிக்கைதான், மின்சார வேலை பாக்குறவரு. சம்சாரம் ஆஸ்பத்திரியில, தலைப்பிரசவம். ரெண்டு நாளா அங்கயே கெடந்து தாடி முள்ளா நிக்குது. சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்னு டாக்டர் சொல்லிருக்காங்க, கொழந்த மொத மொதல்ல என் மூஞ்சியப் பாத்து பயந்துரக் கூடாதுல்ல, பத்து நிமிசத்துல முடிச்சு வுடுங்க அண்ணேன்னாரு. எதுக்கும் இருக்கட்டும்னு மாமியார்கிட்ட என் கடை நம்பரக் குடுத்துட்டு வந்திருக்காரு.

நாற்காலிய சாச்சேன். சாச்ச அடுத்த பந்து, ஃபோரு. அதுக்கடுத்ததும் ஃபோரு. நான் வேலையப் பாத்துக்கிட்டே இருக்கேன், ரன்னு ஏறிக்கிட்டே இருக்கு. வலது பக்கம் முடிச்சேன். கழுத்து வலிக்குதுன்னு அவரு நிமிந்து உக்காந்தாரு பாருங்க, எட்டாவது விக்கெட்டு விழுந்துருச்சு. கடையே கத்துது. தையக்காரர்தான் கண்டுபுடிச்சாரு, இவரு சாஞ்சா ஃபோரு, நிமிந்தா விக்கெட்டுன்னு. மறுபடி சாச்சாங்க. மறுபடி ஃபோரு! அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. அண்ணே, கத்திய வைய்யுங்க, இவரு மொகம் பாதியோட நிக்கட்டும், எதையும் மாத்தாதீங்கன்னுட்டாங்க.

சிரிக்கிறீங்க. நாங்களும் அப்ப சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு. ஆனா கண்ணு மட்டும் சுவத்துக் கடிகாரத்துலயே இருந்துச்சு. நான் போகணும்னாரு. ரெண்டே ஓவர்னோம். இன்னும் ரெண்டே ஓவர்னோம்.

நாப்பத்தி மூணு ஓவர் முடிஞ்சுது, நாப்பத்தி ரெண்டு பந்துல நாப்பத்தி நாலு வேணும். அப்ப போன் அடிச்சுது. அதோ, அந்த மேசையில இருந்த போன். நாந்தான் எடுத்தேன்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு தம்பி. வீட்டுல இருந்து எவங்களாச்சும் கூப்ட்டு எங்க அவரு இன்னும் அங்கதான் இருக்காரான்னு கேட்டா, ஆளு பெஞ்சில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாலும், இப்பத்தாங்க கெளம்பிட்டாருன்னு சொல்லுவோம். வாயில தானா வரும். யோசிக்கவே மாட்டோம். அன்னைக்கும் வந்துச்சு.

ஒரு வயசான அம்மா குரலு. ஆபரேசன் பண்ணணுமாம், மாப்ளய வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கன்னாங்க. இப்பத்தாம்மா கெளம்பிட்டாருன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். போன்ல யாருன்னு அவரு கேட்டாரு. ராங் நம்பர்னேன். இன்னும் ரெண்டு ஓவர் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். மறுபடியும் அடிச்சுது. ஒயரப் புடுங்கி விட்டுட்டேன்.

கடைசி ஓவர், எட்டு ரன்னு. மூணாவது பந்துல அவரால தாங்க முடியல, என்ன ஆனாலும் ஆகட்டும்னு துண்ட உருவிட்டு எந்திரிச்சாரு. ஒம்பதாவது விக்கெட்டு. இருபது பேரும் அவரக் கெட்ட வார்த்தையில திட்டுறான். நாந்தான் தோள்ல ரெண்டு கையும் வச்சு அமுக்கி உக்கார வச்சேன். இந்தக் கையி. இதே நாற்காலி, மேல ரெக்சின் மட்டும் மாத்தியிருக்கேன்.

ஜெயிச்சோம் தம்பி. கடைசிப் பந்துல ரெண்டு ரன்னு வேணும், தேர்டு மேன்ல நின்னவன் கோட்டை விட்ட பந்து ஃபோருக்குப் போயிருச்சு. எல்லாரும் கட்டிப் புடிச்சு ஆடுறாங்க. திரும்பிப் பாக்குறேன், நாற்காலி காலி. பாதி மொகத்துல நுரையோட ரோட்டுல ஓடிட்டிருக்காரு.

அவரு சம்சாரம் போயிட்டாங்க. கொழந்த பொழச்சுக்கிச்சு.

அந்த ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்குறவரு இங்கதான் முடி வெட்டிக்குவாரு, அவருதான் சொன்னாரு. மாப்ள கெளம்பிட்டாரு, வந்துட்டிருக்காரு, அவரே வந்து போடட்டும்னு மாமியார் காத்துட்டே இருந்தாங்களாம். டாக்டரம்மா கத்துன பெறகு மாமியாரே கையெழுத்துப் போட்டாங்களாம், அதுக்குள்ள அரை மணி நேரம் போயிருச்சு. இன்னும் கெளம்பலன்னு நான் உண்மையச் சொல்லியிருந்தா, அப்பவே போட்டிருப்பாங்க. அத நெனச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்பவே கெளம்பிட்டியாமே, இவ்வளவு நேரம் எங்கடா போனேன்னு எல்லாரும் அவரு சட்டையப் புடிச்சு உலுக்கியிருக்காங்க. கடையில அமுக்கி உக்கார வச்சோம்னு அவரு சொல்லல. போன் வந்தத நான் மறைச்சிட்டேன்னும் காட்டிக் குடுக்கல. மேட்ச் பாத்துட்டிருந்தேன்னு மட்டும் சொன்னாராம். அந்தப் பாதித் தாடிய எடுக்கக்கூட இந்தப் பக்கம் அவரு திரும்பி வரல.

ஏன் எந்திரிக்கப் பாக்குறீங்க? இருங்க, இத மட்டும் கேட்டுட்டுப் போங்க.

அவருக்கு இடது தாடைக்கு அடியில முடி சுழி போட்டு வளரும். கத்திய மேல இருந்து விட்டா வெட்டிரும், கீழ இருந்துதான் போகணும். இத்தன வருசத்துல எத்தனையோ மொகம் தொட்டிருக்கேன், அப்படி ஒரு சுழிய வேற எங்கயும் பாத்ததில்ல. இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி, சோப்பு போடுறப்ப என் வெரலு அதுல போய் நின்னுச்சு.

அடிங்க தம்பி. அடிச்சா வாங்கிக்கறேன். ஆனா உங்கப்பா மேல இருக்குற கோவத்த எறக்கிருங்க, அது எனக்குச் சேர வேண்டியது.

போன் மறுபடி அடிக்குது பாருங்க. ஊரே டிவி முன்னாடி உக்காந்திருக்கு, அந்த மனுசன் உங்களுக்கு போன் அடிச்சிட்டிருக்காரு. எடுங்க. மிச்சப் பாதி கெடக்கட்டும், நான் புடிச்சு உக்கார வைக்க மாட்டேன். கெளம்பிட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. மொதல்ல கெளம்புங்க.