பெட்ரோல் பம்புக்கு ஒரு வாளித் தண்ணீர்

எழுபதுகளில் ஒரு சித்திரை வெயிலில், லஸ் முனையில் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இருவரும் ஒரே மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஒருவர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். அவருடைய கார் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் கிடந்தது. மற்றவர் மயிலாப்பூர்க்காரர்.

“வெயில் ஏறுனா இஞ்சின்ல பெட்ரோல் பம்பு சூடாகி வண்டி நின்னுருது சார். ஈரத்துணி சுத்துனாத்தான் நகருது.”

“என் வண்டியும் அப்படித்தான். ஆனா அது நின்னதுலதான் எங்காத்துச் சண்டை தீர்ந்தது,” என்றார் மயிலாப்பூர்க்காரர்.

“வண்டி நின்னா சண்டைல்லா வரும்?”

“என் ஆம்படையாளும் அவ அக்காவும் ஏழு வருஷமாப் பேச்சில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போறச்சே, அடையார்ல அந்த அக்கா வாசல்லயே வண்டி நின்னுடுத்து. துணியை நனைக்கத் தண்ணி வேணும். இவ இறங்கமாட்டேன்னு உள்ளேயே உட்கார்ந்துண்டிருந்தா. அக்காவே வாளியோட வந்தா. ‘வண்டிக்கு அப்பறம் ஊத்திக்கலாம், நீ முதல்ல வந்து மோர் குடி, முகமெல்லாம் செவந்து கிடக்கு’ன்னா. இவ அழுதுட்டா.”

“கல்யாணத்துக்குப் போனியளா?”

“எங்கே போறது? சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் பேசிண்டிருந்தா. வண்டி எப்பவோ ஆறிடுத்து. நான் கிளம்பலாம்னு வாயே திறக்கலை.”

“இப்ப வண்டி எப்படி ஓடுது?”

“புதுப் பம்பு போட்டாச்சு, எங்கேயும் நிக்கறதில்லை. அக்காவும் தங்கையும் டிரைவரைக் கூட்டிண்டு காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கப் போயிருக்கா. அதான் நான் பஸ்ல.”