கடைசியாக உடுத்திருந்த உடுப்பு

காணாமற்போனவர் கடைசியாக உடுத்திருந்தது என்ன என்ற கேள்விக்கு, ‘வெள்ளை உடுப்பு’ என்று சிவபாலனின் தாயார் படிவத்தில் எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். அது போதாது, மிஸ். வெள்ளை உடுப்பில் கோயிலுக்கும் போகலாம், செத்தவீட்டுக்கும் போகலாம். சிவபாலன் உடுத்திருந்தது அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கான உடுப்பு. வாங்கிக் கொடுத்தவன் நான். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

பருத்தியில்தான் வாங்க வேண்டும். பொலியெஸ்டர் வியர்வையைக் குடிக்காது. ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டும். முதல் கழுவலிலேயே சுருங்கும். குளிர்ந்த தண்ணீர் மட்டும். குளோரின் போட்டால் நாளடைவில் மஞ்சளடிக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்று ஈரமானது. வெயில் இருக்கும்போதே காயவைத்து எடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். என் உடுப்புக்குப் பதினொரு வயது. பார்த்தால் நேற்று வாங்கியது என்பீர்கள்.

பாமன்கடை அய்கிடோ வகுப்பில் புதியவர்களுக்கு உடுப்புக் கட்டப் பழக்குவது நான்தான். இடது பக்கம் மேலே வரவேண்டும். வலது பக்கம் மேலே வந்தால், ஜப்பானில் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இந்த விஷயத்தில் நான் யாரையும் விட்டதில்லை.

சிவபாலன் எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்தவர். தொண்ணூற்றேழில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து கனடா விசாவுக்குக் காத்திருந்தார். அறைக்குள் இருந்து யோசிக்கிறாரே என்று நான்தான் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். அய்கிடோவில் முதலில் பழகுவது நிலத்தில் விழுந்து எழும்புவதைத்தான். மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக விழுந்து எழும்பினார். அதில் எனக்கு மனவருத்தமில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் நிற்க, என் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்:

“நாகேந்திரம் அண்ணை, இது எப்பிடி இவ்வளவு வெள்ளை? நிலத்தில விழுந்தாத்தானே ஊத்தை பிடிக்கும் என்ன.”

மாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. கூடப் பழகிய நிலாம் அதைச் சிங்களத்தில் சொன்னான். மாஸ்டர் இன்னொருக்கால் சொல்லச் சொல்லிச் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. அய்கிடோ படிப்பிப்பதே அதைத்தான். எதிராளியைத் தள்ளத் தேவையில்லை. சற்று விலகி நின்றால் போதும். அவர் தானாக விழுவார்.

சண்டைக் காலம். அந்த வாரம், தமிழர் வீடுகளில் தங்கியிருப்போரின் பட்டியலைப் பொலிஸில் கொடுக்க வேண்டியிருந்தது. என் பெயரை எழுதினேன். மனைவி ஜெகதீஸ்வரியின் பெயரை எழுதினேன். என் கையெழுத்து வடிவானது. மூன்றாவது வரியை வெறுமையாக விட்டேன். பொய்யாக ஒரு சொல்லும் எழுதவில்லை.

“அண்ணை, என்ர பேரும் போட்டதுதானே?” என்று கேட்டார்.

“குடுத்தாச்சு, தம்பி,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸார் தேடுதலுக்கு வந்தார்கள். அவர் வகுப்புக்கு உடுத்திக்கொண்டு நின்றார். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், பட்டியலில் பெயரில்லை. இவர் யார் என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

“அண்ணை, சொல்லுங்கோவன்,” என்றார் சிவபாலன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எதையோ மறந்துபோனேன் என்று நினைத்திருப்பார்.

ஜெகதீஸ்வரி வாயைத் திறந்தாள். “நீர் உள்ள போம்,” என்றேன். அதிகாரியிடம், தெரியாது என்றேன். சிங்களத்தில் அதற்கு இரண்டே சொல். ஜெகதீஸ்வரி இன்றுவரை என்னுடன் கதைப்பதில்லை. அதனால் குறையொன்றுமில்லை; உடுப்பை எப்போதும் நான்தான் கழுவுவேன்.

படிவத்தில் சேர்க்க வேண்டியது இதுதான். அவசரத்தில் அவர் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டியிருந்தார். ஒருவரை அப்படியே ஜீப்பில் ஏறவிடலாமா? அதிகாரியிடம் ஒரு நிமிடம் கேட்டேன். இடுப்புப்பட்டியை அவிழ்த்து, இடது பக்கத்தை மேலே எடுத்து, இறுக்கிக் கட்டிவிட்டேன். அவருடைய கைகளைப் பின்னால் பிடித்திருந்தார்கள். தானாகச் செய்ய முடியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாயாருக்கு இதை எழுதுங்கள், மிஸ். கடைசி நிமிடம்வரை மகனை அக்கறையாகப் பார்க்க ஓர் ஆள் பக்கத்தில் நின்றது என்று அறிந்தால், அவவுக்கு ஆறுதலாக இருக்கும்.