காட்டுப்பன்னிக்குப் புதைத்த ஜாடிகள்

1972 மாசியில், விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வழியாகப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பீங்கான் சூளையில் வேலை செய்பவர், மற்றவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்.

“காட்டுப்பன்னியை ஜாடியால ஜெயிச்சுட்டேன்க்கா!” என்றார் சூளைக்காரர்.

“என்னம்மா சொல்ற?”

“முந்திரிக்காட்டுலேருந்து வந்து சுவரோரம் இருந்த மரவள்ளியைப் பூரா தோண்டிடுச்சுங்க. வூட்டுச் சுவரே ஆட்டம் கண்டுடுச்சு. எங்க வூட்டுக்காரர் முள்வேலி போட்டாரு, அடியில பூந்து வந்துடுச்சுங்க. நான் சுத்தியும் பள்ளம் வெட்டி, சூளையில வெடிச்ச ஜாடியா கேட்டு வாங்கிப் புதைச்சேன். மூக்கால முட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடுச்சுங்க.”

மற்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எங்க ஊர்ல பெருமாளே பன்னி ரூபம். நாங்க கல்லுகூட எடுக்க மாட்டோம்.”

“நானும் ஒண்ணையும் அடிக்கலியே! சுவரு நிக்குது, அதுங்களும் நல்லா இருக்குதுங்க.”

ஸ்ரீமுஷ்ணம் வந்தது. இறங்க எழுந்தவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “எங்க கொல்லைக்கு எத்தினி ஜாடி வேணும்மா?”