அறுபத்துநாலாம் நம்பர் கம்பி

சுருதியை இறக்கி வாசிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கிட்டார் கம்பியை மாற்றுவதில்லை, சார். அங்கேதான் கெடுகிறது. மெல்லிசு செட்டை அப்படியே தளர்த்தினால் கல்யாணம் முடிந்த வீட்டு சீரியல் லைட் மாதிரி தொங்கும். தட்டினால் கொழகொழவென்று ஒரு சத்தம். சுருதி இறங்க இறங்கத் தடிமன் ஏற வேண்டும். போடி பஜாரில் இருபத்தாறு வருஷமாக மியூசிக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு மகிமாதான்.

ஏலக்காய் வியாபாரி ஸ்டீவனின் ஒரே மகள். இருபத்துமூன்று வயது. சர்ச்சில் வாசிக்கட்டும் என்று அப்பா கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அவளோ அதைக் கருங்கல் அரைக்கிற மெஷின் மாதிரி உறுமவிட்டாள். எங்கள் தெருவுக்கு அது ஒரு வரம், சார்.

"அந்தப் புள்ளைக்குப் பேய் கீய் பிடிச்சிருக்காண்ணே?" என்பாள் தெருக்கோடி வீட்டுப் பிச்சையம்மாள்.

"பேயி பயந்து அப்பவே ஓடிப்போச்சு ஆத்தா" என்பேன்.

மகிமா முடியைக் கத்தரித்தது, கம்பத்துப் பையன்களோடு ஜீப்பில் போனது, பெண் பார்க்க வந்தவர் அந்தச் சத்தத்தில் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டது, எல்லாமே என் கடையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். சாமான் வாங்க வருகிறவர்கள் நாலு பேர். மகிமாவைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் நாற்பது பேர். நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை. கொஞ்சம் வரிசைப்படுத்துவேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கடைக்கு வந்தாள்.

"மாமா, கொச்சியில ஒரு பேண்டுக்கு ஆள் எடுக்குறாக. சனிக்கிழமை வாசிச்சுக் காட்டணும். எடுத்துட்டாகன்னா அங்கனயே தங்கிருவேன். அப்பாவுக்குத் தெரியாது, யார்ட்டயும் சொல்லிறாதீக."

சொல்லவில்லை. என் ஆயுசில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. ஸ்டீவனிடம் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டுக்கொண்டு அன்றைக்கே போயிருப்பாள்.

அவள் கேட்டது தடிமன் நம்பர் பதின்மூன்றிலிருந்து அறுபத்துநாலு வரை உள்ள கம்பி செட். அந்த அறுபத்துநாலாம் நம்பர் சுண்டுவிரல் மோதிரம் செய்கிற தடிமன். கிட்டார் தலையில் கம்பியைச் சுற்றுகிற முறுக்காணி ஓட்டைக்குள் நுழையாது. நுனியில் மேல்சுற்றை உரித்துவிட்டு, உள்ளே இருக்கிற நடுக்கம்பியை மட்டும் ஓட்டைக்குள் விட வேண்டும். அதைச் செய்துதரச் சொன்னாள். ஆர்மோனிய ரீடு தேய்க்கிற சின்ன அரம் என்னிடம் உண்டு. உரித்த இடத்தில் நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தேன்.

அவள் வாசிக்கிற சுருதியில் அது அறாது. அங்கே கம்பி தளர்வாகத்தான் நிற்கும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன்:

"மொதல்ல நல்லா மேல ஏத்தி நிறுத்து தாயி. பெறகு இறக்கு."

"அம்புட்டு ஏத்தலாமா மாமா?"

"புதுக் கம்பி இளகணும்ல. ஏத்துறப்ப குனிஞ்சு, முறுக்காணிகிட்ட காத வச்சுக் கேளு. கிறீச்சுன்னா நிறுத்திரு."

"நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

விரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும் என்று நினைத்ததாக முதலில் எழுதச் சொன்னேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். விரல் ஆறிவிடும். அடுத்த சனிக்கிழமை போய்விடுவாள்.

மதுரை டாக்டர்கள் நல்ல மாதிரி. வலது கண்தான் போயிற்று, இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கிட்டார் சத்தம் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் நாற்பதிலிருந்து அறுபதாகி, எல்லாரும் அவளைத்தான் விசாரிக்கிறார்கள். சொல்லும்போது எனக்கே கண் கலங்கும். அந்தத் தெருவில் அவள் மேல் என்னைவிடப் பிரியம் வைத்தவர் யார் இருக்கிறார்கள்?

அந்த அறுந்த நுனி, நீங்கள் கவரில் போட்டு வைத்திருப்பது, என் அரம் பட்டதுதான். பாதி வழவழப்பு, பாதி பிய்ந்தது. கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று, சார். நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதை இந்நேரம் தெருவில் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மாவு மில் இருளம்மாளாகத்தான் இருக்கும். அவளுக்கு அரம் விஷயமே தெரியாது. ஒரு அஞ்சு நிமிஷம் என்னை விட்டீர்கள் என்றால், நானே போய் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.