ஒரு கதவுக்கு இரண்டு கையெழுத்து

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அவர்களே, அக்கரையிலிருந்து கடலுக்கு அடியிலேயே வந்து சேர்ந்திருக்கும் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நண்பர்களே, தீயோடு போராடும் தீரர்களே, தீ ஒத்திகை என்றதும் ஓடிவந்து பொய்ப் புகையில் மெய்யாகவே இருமும் எங்கள் கலே நகரத்துத் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஒதீலின் வணக்கம்!

இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடி ரயில் சுரங்கத்தின் கூட்டுப் பாதுகாப்புக் குழுவில் இருபது ஆண்டுகளாக நான் மொழிபெயர்ப்பாளர். பிறர் பேச்சைப் பேசியே பிழைத்தவள். இன்றுதான் சொந்தப் பேச்சு, அதனால் சற்றே நீளும். பின்வரிசையில் பெருமூச்சு விடுபவரே, விருந்து ஆறாது, அமருங்கள்!

இன்று ஓய்வு பெறும் இருவரைப் பாருங்கள். இவர் ஹெட்லி த்வெய்ட், இங்கிலாந்தின் ஆய்வாளர். இவர் சொலான்ஜ் வெர்ஹாக், பிரான்சின் ஆய்வாளர். சுரங்கத்தில் ஒரு திருகு மாறவேண்டும் என்றாலும் இருவரும் இசைய வேண்டும். இசைந்தார்களா? எங்கே இசைந்தார்கள்! இவர் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் நான் அப்படியே சொல்லியிருந்தால் இரு நாட்டுக்கும் போரே மூண்டிருக்கும்!

ஆறு ஆண்டுகளுக்கு முன், சுரங்கம் முழுவதற்கும் புதுவகைத் தீத்தடுப்புக் கதவுகள் பொருத்த ஏற்பாடானது. மாதிரிக் கதவு ஒன்றைத் தரைமேல் உள்ள பயிற்சிச் சுரங்கத்தில் மாட்டினார்கள். மின்சாரம் போனாலும் கையால் தள்ளித் திறக்கும்படி இருக்கவேண்டிய கதவு. ஹெட்லி அளந்தார், அவர் நாட்டு விதிப்படி சரி. சொலான்ஜ் அளந்தார், எங்கள் விதிப்படியும் சரி. அதிசயம், இருவரும் இசைந்துவிட்டார்கள்! கையெழுத்துக்குத் தாளும் வந்துவிட்டது.

ஆனால் அன்று ஒத்திகையும் இருந்தது. புகை பரவ, தொண்ணூறு பேர் வெளியேற வேண்டும். முதலில் கதவை எட்டியவர் நம் மீன் சந்தை பெர்னடெட். சக்கர நாற்காலிக்காரர், ஆனால் நடப்பவரையெல்லாம் முந்திவிடுவார். தள்ளினார். கதவு அசையவில்லை, நாற்காலிதான் பின்னால் உருண்டது. மீண்டும் தள்ளினார், மீண்டும் உருண்டது. பின்னால் வந்தவர்கள் முட்டிமோதி நின்றார்கள்.

பெர்னடெட் திரும்பி, ஆய்வாளர்களைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்:

"ரெண்டு நாட்டு ஆளுங்களும் நின்னுக்கிட்டுத்தானே அளந்தீங்க? ஒரு தடவ உக்காந்து தள்ளிப் பாருங்களேன்."

ஹெட்லி ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தள்ளினார், உருண்டார். சொலான்ஜ் சிரித்தார். பிறகு சொலான்ஜ் உட்கார்ந்தார், அவரும் உருண்டார். ஹெட்லி சிரிக்கவில்லை.

"விதிப்படி சரிதான், மேடம். ஆனா இவங்க வெளிய வர முடியலையே," என்றார்.

"அப்போ பேனாவ மூடி வைங்க, ஹெட்லி," என்றார் சொலான்ஜ்.

அன்று நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை!

சும்மா விட்டார்களா மேலிடத்தார்? விதி மீறாத கதவை மறுக்க நீங்கள் யார் என்று லண்டன் கேட்டது, பாரிசும் கேட்டது. மறுப்பைக் கிளப்பியது அந்த நாட்டு ஆள்தானே, நீ ஏன் உடன் போனாய் என்று இரண்டும் கேட்டன. வேலைக்கே உலை வைக்கும் கேள்வி. தப்பிக்க எளிய வழி இருந்தது, மற்றவர் மீது கைகாட்டுவது.

பதில்கள் இரண்டும் மொழிபெயர்ப்புக்காக ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. ஹெட்லி எழுதியிருந்தார்: மறுப்பு என்னுடையது, திருமதி வெர்ஹாக்கை நான்தான் இசைய வைத்தேன். சொலான்ஜ் எழுதியிருந்தார்: மறுப்பு என்னுடையது, திரு த்வெய்ட்டை நான்தான் இசைய வைத்தேன். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இந்த மேடைவரை தெரியாது! சொலான்ஜ், ஏன் முகத்தை மூடுகிறீர்கள்?

நான்கு மாதத்தில் கீலும் கைப்பிடியும் மாறின. பெர்னடெட் ஒற்றைக் கையால் திறந்து, மறுபக்கம் போய், எங்களை உள்ளே வைத்தே கதவைச் சாத்தினார்! இதோ முன்வரிசையில் சிரிக்கிறார்.

அன்பர்களே, கூட்டுப் பொறுப்பு என்றால் என்ன? ஆளுக்குப் பாதியா? பாதி அவர் பார்ப்பார், பாதி இவர் பார்ப்பார் என்றால், பயணியை யார் பார்ப்பார்? ஆளுக்குப் பாதியன்று, ஆளுக்கு முழுமை! முழுச்சுமையையும் தன் தோளில் ஏற்றிக்கொண்ட இருவர் இருந்தார்கள், அதனால்தான் கடலுக்கடியில் நாம் கவலையின்றித் தூங்கிக்கொண்டே போகிறோம்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பெருமையாய் வாழ்ந்த இவர்களுக்கு நன்றி. வணக்கம்!