பொம்மைக்கு ஓர் அர்ச்சனை

இரத்தோட்டை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். தேங்காய்க் கூடையை மடியில் வைத்திருந்தவர் சத்தமாகவே சொன்னார்: "எங்க டொக்டர் மக நேத்து ஒருத்தர சாகடிச்சிட்டா."

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

"என்னக்கா சொல்றீங்க?" என்று பதறினார் பக்கத்திலிருந்தவர்.

"நெசமான ஆளு இல்ல, பொம்மை. தொடை வழியா கம்பி விட்டு, மூளையில இருக்கிற அடைப்ப எடுத்துப் பழகுறாங்க. கம்பி குத்திருச்சின்னா, ஆளு செத்துட்டாருன்னு கம்ப்யூட்டர் காட்டுமாம். இன்னைக்கு அதே பொம்மையில பரீட்சை."

"அப்போ தேங்கா?"

"பொம்மைக்கு அர்ச்சனை. ஐயரு, யாரு பேருக்கு, என்ன நட்சத்திரம்னு கேப்பாருல்ல? எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லிருவேன்."

"அவரு மூளையில அடைப்பு வந்துதானேக்கா போனாரு?"

"ஆமா. இன்னைக்கு மக கையில பொழைச்சிருவாரு."