ரெண்டாவது பானை

நாகம்மை: ...அத்தை உள்ள வர்றதுக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு மருதமுத்தண்ணே. அதுக்குள்ள நான் சொல்றதைக் கேட்டுக்கங்க.

மருதமுத்து: பெரிய ஆச்சி எங்க?

நாகம்மை: கடை வாசல் அஞ்சடித் திண்ணையில நிக்கிறாக. ரிக்‌ஷாக்காரன்கிட்ட காசு குறைக்காம உள்ள வரமாட்டாக.

மருதமுத்து: அப்ப பத்து நிமிஷம்னு வச்சுக்கங்க. அவனும் லேசுப்பட்ட ஆள் இல்ல. சொல்லுங்க ஆச்சி.

நாகம்மை: எங்க வீட்டுச் சோத்துப் பானை அடி தேஞ்சு போச்சு. புதுசு வாங்கத்தான் வந்திருக்கோம். பதினேழு பேருக்கும் சேத்து ஒரே பானையா அத்தை கேப்பாக. நீங்க ஒத்துக்கக் கூடாது.

மருதமுத்து: பெரிய பானை கேட்டு வர்ற ஆளை நான் எதுக்கு ஆச்சி விரட்டணும்? ஒரு வருஷமா தூசி தட்டிக்கிட்டு இருக்கேன்.

நாகம்மை: விரட்ட வேணாம். பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னு ரெண்டா வித்துருங்க. அடுப்பு, தட்டு, காப்பி வடிகட்டி எல்லாத்துலயும் ரெண்டாவதா ஒரு செட்டு. காரணத்தை நான் சொல்லிக்கிறேன். நீங்க ஆமாம் போட்டா போதும்.

மருதமுத்து: ரெண்டாவது செட்டு யாருக்கு?

நாகம்மை: எனக்குத்தான்.

மருதமுத்து: ஓ... வேறு போறீங்களா.

நாகம்மை: மெதுவாப் பேசுங்க. இன்னும் போகல. எங்க ஆளுக வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல? கல்யாணமான மறு வருஷமே மகனையும் மருமகளையும் வேறு வச்சிருவாக. வீடு ஒண்ணுதான், அடுப்பு மட்டும் தனி. அவவ ஆக்குறதை அவவ புள்ளைக்குப் போட்டுக்குவா. என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட அத்தையே எங்க ஆத்தாகிட்ட, ஒரே வருஷம், அதுக்கு மேல உங்க மக எங்க உலையில வேக மாட்டான்னுதான் சொல்லிட்டுப் போனாக.

மருதமுத்து: அப்புறம் என்ன ஆச்சு?

நாகம்மை: நான் கப்பல்ல வந்து இறங்கினேன். பின்னாலயே சப்பான்காரனும் வந்து இறங்கிட்டான். அரிசி ஏது அப்ப? மரவள்ளிக்கிழங்கை ஒரே சட்டியில அவிச்சு எல்லாரும் பிச்சுத் தின்னோம். அது நியாயந்தான். அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, அந்த ஒரே சட்டி மட்டும் இன்னும் போகல. கொழுந்தன்மார் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயி, புள்ளைகளும் ஆயி... இப்ப மூணு பந்தி போட்டாத்தான் ராத்திரிச் சாப்பாடு முடியுது.

மருதமுத்து: வர்ற சனிக்கிழமை வெள்ளைக்காரனே சுதந்திரம் குடுத்து இந்த நாட்டை வேறு வைக்கிறான். உங்க அத்தை வைக்க மாட்டாகளா?

நாகம்மை: வெள்ளைக்காரனுக்கு நாடு நிறைய இருக்கு. எங்க அத்தைக்கு இருக்கிறது ஒரே அடுப்பு.

மருதமுத்து: வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?

நாகம்மை: போன மாசம் சொன்னேன். பேப்பரை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆத்தா மனசு நோகும்னாக. என் மனசைப் பத்தி அந்தப் பேப்பர்ல ஒண்ணும் போடல போலிருக்கு. அதான் இனிமே வாயால கேக்கிறதா இல்ல. சாமான் முதல்ல வீட்டுக்குள்ள வரட்டும். ரெண்டு பானையும் ரெண்டு அடுப்பும் எத்தனை நாளைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும்? தானா ஒரு நாள் பின்கட்டுக்குப் போகும். நானும் பின்னாலயே போயிருவேன்.

மருதமுத்து: ம்... சின்னப் பானை எத்தனை பேருக்கு?

நாகம்மை: ஆறு பேருக்கு. நாங்க ரெண்டு பேரு, புள்ளைக நாலு. ஒருபடிப் பானை சரியா இருக்கும். ...இந்தா வந்துட்டாக.

மெய்யம்மை: முப்பது காசு கேட்டவனை இருபதுக்கு இறக்கிட்டேன். பத்துக் காசுக்கு எனக்கு மூச்சு வாங்குது. என்ன மருதமுத்து, கடை பூராக் கொடியாத் தொங்குது? சட்டி வியாபாரத்தை விட்டுட்டியா?

மருதமுத்து: வாங்க பெரிய ஆச்சி. சட்டி வருஷம் பூரா விக்கும். கொடி இந்த ஒரு வாரந்தான் விக்கும். இப்படி முக்காலியில உக்காருங்க.

மெய்யம்மை: சோத்துப் பானை காட்டு. பித்தளை வேணாம். ஈயம் பூசுறவனைத் தேடி காஜா பெராங் தெரு பூரா அலைய முடியாது.

மருதமுத்து: எவர்சில்வர் வந்திருக்கு. பளபளன்னு...

மெய்யம்மை: பளபளப்பைச் சோத்துல ஊத்திச் சாப்பிடவா? சோத்துக்கு அலுமினியம் போதும். புளி போட்ட குழம்புக்குத்தான் அது ஆகாது.

நாகம்மை: அத்தை, நான் ஒண்ணு யோசிச்சேன். பதினேழு பேருக்கும் ஒரே உலை வச்சா அடியில குழையுது, மேல விதை விதையா நிக்குது. நேத்துகூட மாமா பல்லுல ஏதோ கல்லுன்னாக. கல்லு இல்ல, சோறு. ரெண்டு பானையாப் பிரிச்சு வச்சா...

மெய்யம்மை: ரொம்பச் சரி. ரெண்டாவே வாங்கு.

நாகம்மை: ...சரியா?

மெய்யம்மை: சரின்னுதானே சொன்னேன். ஏன் இப்படி முழிக்கிற?

நாகம்மை: இல்ல அத்தை. நீங்க வேணாம்பீகளோன்னு...

மருதமுத்து: ஆமாம். ரெண்டுதான் நல்லது.

மெய்யம்மை: உன்னை யாருப்பா கேட்டது?

மருதமுத்து: சும்மா சொன்னேன் ஆச்சி. பெரிசுக்கு இந்த மூணுபடி. நல்ல கனம். சின்னதுக்கு...

நாகம்மை: ஒருபடி.

மெய்யம்மை: உழக்கு.

மருதமுத்து: உழக்குப் பானை இந்தா, துடைச்சே வச்சிருக்கேன்.

நாகம்மை: உழக்கா? அதுல காச்சல்காரருக்குக் கஞ்சிதான் வைக்கலாம் அத்தை. ஒருபடி இருக்கட்டும்.

மெய்யம்மை: ஒருபடி எதுக்கு?

நாகம்மை: விருந்தாளுக வந்தா...

மெய்யம்மை: விருந்தாளுக பெரிய பானையில சாப்பிடட்டும்.

நாகம்மை: இப்ப சின்னதா வாங்கிட்டு நாளைக்குப் பத்தாமப் போச்சுன்னா? புள்ளைக வளருதுல்ல.

மெய்யம்மை: நீ சொல்ற புள்ளைக வளரும். நான் சொல்ற ஆள் வளராது.

நாகம்மை: எந்த ஆள்?

மெய்யம்மை: அடுப்பைக் காட்டு மருதமுத்து.

மருதமுத்து: பானைக்கு அரைப்படி ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவா...

நாகம்மை: வேணாம்.

மெய்யம்மை: வேணாம்.

மருதமுத்து: சரி. அடுப்பு. இது பம்ப் அடிக்கிறது, வேகமா எரியும், இரைச்சல் ஜாஸ்தி. இது மண்ணெண்ணெய்த் திரி அடுப்பு, சத்தமே கேக்காது. ஒத்தைத் திரியும் இருக்கு, ரெட்டையும் இருக்கு.

நாகம்மை: ரெட்டை.

மெய்யம்மை: ஒத்தை போதும். காப்பி போடு, இறக்கு. சோறு வடி, இறக்கு. அப்புறம் ஒரு குழம்பு. என்ன அவசரம்?

நாகம்மை: ஒண்ணு இறக்கி ஒண்ணு வச்சுக்கிட்டு இருந்தா புள்ளைக எப்ப பள்ளிக்கூடம் போறது?

மெய்யம்மை: எந்தப் புள்ளைக?

நாகம்மை: ...பொதுவாச் சொன்னேன்.

மெய்யம்மை: பொதுவான புள்ளைகளுக்குத்தான் பழைய விறகடுப்பு இருக்கே. மூணு கண் அடுப்பு. ரெண்டாவது அடுப்புக்குப் பள்ளிக்கூடத்து அவசரம் கிடையாது.

மருதமுத்து: அந்த ஒத்தைத் திரி திங்கக்கிழமைதான் வந்துச்சு ஆச்சி. நல்லா இருக்கும்.

நாகம்மை: அண்ணே, நீங்க யாருக்கு ஆமாம் போடுறீங்க?

மருதமுத்து: நான் வியாபாரி ஆச்சி. ஆமாம் போடுறதுதான் என் தொழில்.

மெய்யம்மை: தட்டு எடு. பீங்கான் பூச்சுத் தட்டு, ஓரத்துல கலர் போட்டது. நாகம்மை, இதைக் கவனமாக் கேட்டுக்க. உன் புள்ளைகளுக்கு நீல ஓரம். ரெண்டாமவன் வீட்டுக்குப் பச்சை. சின்னவன் வீட்டுக்குச் சிவப்பு. கழுவாமப் போட்டுட்டு ஓடினது யாருன்னு யாரையும் கேக்க வேணாம், தட்டே சொல்லிரும்.

நாகம்மை: இத்தனை வருஷமா இல்லாத ஏற்பாடு இப்ப எதுக்கு அத்தை?

மெய்யம்மை: இத்தனை வருஷம் என் கண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு. சவுக்காரத்தையும் கட்டியாத் தூக்கிக் குடுத்துராத. நூலை வச்சு அறுத்து வீட்டுக்கு ஒரு துண்டு. யாரு துண்டு முன்னாடி கரையுதோ அவுக சாம்பலைப் போட்டுத் துவைக்கட்டும். காலையில குளிக்கிறதுக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக முதல்ல, ஆபீஸ் போறவுக அடுத்து. உன் ரெண்டாவது கொழுந்தனைக் கடைசியில விடு. உள்ள போனா அவன் பாட்டு முடியிற வரைக்கும் வெளிய வரமாட்டான்.

நாகம்மை: இதெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்றீக?

மெய்யம்மை: மருதமுத்து, வெள்ளை ஓரத்துல ரெண்டு தட்டு. ரெண்டு டம்ளர். ரெண்டு டம்ளர் இறங்குற காப்பி வடிகட்டி ஒண்ணு.

நாகம்மை: ரெண்டா? ஆறு எடுங்க அண்ணே.

மெய்யம்மை: ரெண்டு.

நாகம்மை: அத்தை... உழக்குப் பானை, ஒத்தைத் திரி, ரெண்டு தட்டு. யாருக்கு இது?

மெய்யம்மை: எனக்கும் உன் மாமாவுக்கும். வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு. பின்கட்டுல பால் காச்சுறேன். நாங்க ரெண்டு பேரும் வேறு போறோம்.

மருதமுத்து: நான் உள்ள போய் அட்டைப்பெட்டி எடுத்துட்டு...

மெய்யம்மை: இங்கயே நில்லு.

நாகம்மை: மாமியா வேறு போறதை எந்த ஊர்ல அத்தை கண்டோம்?

மெய்யம்மை: மகனை வேறு வைக்கலாம்னா மகனை விட்டு நான் வேறு போனா என்ன? யாரு பெரியவ யாரு சின்னவன்னு அடுப்பு பாக்குதா?

நாகம்மை: ஊர் என்னைத்தான் பேசும். மாமியாளைத் தனியாப் பொங்க விட்டுட்டான்னு.

மெய்யம்மை: பேசட்டும். நானும் கூடச் சேந்து ரெண்டு வார்த்தை பேசுறேன், சீக்கிரம் அலுத்துப் போகும். ...சிரிக்காத, கேளு. எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். ஒரு நாள்கூட அந்த மனுசருக்குன்னு நான் உப்புப் போட்டதில்ல. பதினேழு வாய்க்கும் பொதுவா ஒரு உப்பு. சின்னவன் புள்ளைகளுக்குக் காரம் ஆகாது. ரெண்டாமவனுக்குக் கத்திரிக்கா அரிக்கும். உன் மூத்தவ பாகற்காயைக் கண்டா எந்திரிச்சுப் போயிருவா. கழிச்சுக் கழிச்சு மிஞ்சுனதைத்தான் நான் சமைக்கிறேன். போன வாரம் அவுககிட்டயே கேட்டேன், உங்களுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்னு. அரை மணி நேரம் யோசிச்சாக நாகம்மை. கடைசியில, மறந்துபோச்சு மெய்யம்மைன்னாக. அதைக் கண்டுபிடிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு குழம்பா வச்சுப் பாத்தா எப்படியும் பிடிபட்டுரும். அதுக்கு உழக்குப் பானைதான் சரி.

நாகம்மை: மாமாவாவது யோசிச்சாக. உங்க மகன்கிட்ட கேட்டா யோசிக்கக்கூட மாட்டாக.

மெய்யம்மை: அவனை நான்தான் பெத்தேன், எனக்குத் தெரியாதா?

நாகம்மை: அப்ப அந்த மூணுபடிப் பானை...

மெய்யம்மை: மூத்தவ நீதானே. இனிமே பதினஞ்சு பேர்தான். ரெண்டு பேர் குறைஞ்சிருக்குல்ல.

நாகம்மை: எத்தனை நாளைக்கு?

மெய்யம்மை: நான் உனக்குப் பதினாறு வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேன்.

நாகம்மை: அந்தப் பதினாறு வருஷமும் உங்க பக்கத்துலயே நின்னு அரைச்சுக் குடுத்தது யாரு? அதையும் கழிச்சுக்கங்க. ஒரே வருஷம். அப்புறம் பெரிய பானை ரெண்டாமவகிட்ட போயிரணும்.

மெய்யம்மை: மூணு வருஷம்.

நாகம்மை: ஒரு வருஷம். வேணும்னா மேல ஒரு மாசம்.

மெய்யம்மை: ரெண்டு. அவளுக்கு இன்னும் உலைக்கு அளந்து போடத் தெரியல.

நாகம்மை: எனக்கு மட்டும் வந்தன்னிக்கே தெரிஞ்சுச்சா? முதல் நாள் நான் வடிச்ச சோத்தைக் கோழிதானே தின்னுச்சு.

மெய்யம்மை: கோழியும் முழுசாத் தின்னல. ...சரி. வர்ற தையை விட்டு அதுக்கடுத்த தை. அதுக்குக் கீழ ஒரு நாள்கூட இறங்க மாட்டேன்.

நாகம்மை: அந்தத் தையில நீங்களே வந்து எனக்குப் பால் காச்சிக் குடுக்கணும். ஆத்தா மனசு நோகும்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது.

மெய்யம்மை: நான் காச்சித் தர்றேன். போதுமா?

நாகம்மை: போதும். அண்ணே, அந்த ஒருபடிப் பானையையும் ரெட்டைத் திரி அடுப்பையும் எனக்குன்னு தனியா எடுத்து வையுங்க. இன்னிக்கு விலைதான்.

மருதமுத்து: ஒண்ணரை வருஷம் எடுத்து வச்சா அதுக்கு நானே சோறு போட்டு வளக்கணும் ஆச்சி.

மெய்யம்மை: வளத்துக்க. போனாப் போகுது. ஒரே கடையில மூணு பானை வாங்குற குடும்பம் வேற எங்க கிடைக்கும் உனக்கு?

நாகம்மை: அத்தை, உங்ககிட்ட மறைக்க மனசு வரல. காலையிலருந்து நான் அடிபோட்டதெல்லாம் அந்த ரெண்டாவது பானை எனக்குன்னு நினைச்சுத்தான். நீங்க உள்ள வர்றதுக்கு முந்தியே அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லி வச்சிட்டேன்.

மெய்யம்மை: தெரியும் ஆத்தா. ஆடி மாசத்துலருந்து நீ பின்கட்டைக் கண்ணால அளந்துக்கிட்டு இருந்ததை நான் பாக்கலைன்னா நினைச்ச? நீ இன்னிக்குச் சொல்லி வச்ச, நான் நேத்தே வந்து சொல்லி வச்சிட்டேன். அதான் இவன் நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்காம, சணல் கயித்துல முடிச்சைப் போடுறதும் அவுக்கிறதுமா நிக்கிறான்.